ஆக்கியோரும் காத்தோரும்

பழம்பொருள்களைத் திரட்டி வைத்துப் போற்றிக் காக்கும் இடம் பொருட்காட்சிச் சாலை எனப்படும். அதனை ஒரு வேடிக்கை மனையாகக் கருதுவோர் பலர். ஒரு வாயில் வழியே புகுந்து, வரிசையோடு வரிசையாக நகர்ந்து, "ஆ! எவ்வளவு பெரிது! எவ்வளவு பழையது!" என வியந்து, மறு வாயில் வழியே வெளியேறுவதே காட்சி என அவர்கள் கொள்வர். அங்ஙனம் காண்பவர்க்குக் கால் நோவதன்றிக் கருத்து விளைவதில்லை. ஒரு நூலைக் கையிற்கொண்டு, அதன் ஏடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு மூடி வைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

பொருட்காட்சிச் சாலையும் ஒரு நூலே. அதனைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு பழம்பொருளின்முன் நிற்கும்போது மூன்று வினாக்களை நம் உள்ளத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதனை ஆக்கியோர் யார்? இதனால் இன்புற்றோரும் துன்புற்றோரும் யார்? இன்றளவும் இதனைக் காத்தோர் யார்? இம்மூன்றனுள் ஒன்றை விடினும் காட்சி குறையுடையதாகும்.

இதனை விளக்குதற்குப் பிரான்சு நாட்டின் லுவார் ஆற்றங்கரையை எடுத்துக்கொள்வோம். லுவார் அந்நாட்டின் மிக நீண்ட ஆறு. தென்பகுதி மலைநாட்டில் தோன்றி, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி, அட்லாண்டிக் பெருங்கடலிற் கலப்பது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு மன்னர் பலர் பாரிசு மாநகரினும் இவ்வாற்றங்கரையையே விரும்பி உறைந்தனர். மன்னர் தங்கிய இடத்தில் அமைச்சரும் செல்வரும் தங்கினர். அவ்வாறு எழுந்த மாளிகைகளும் கோட்டைகளும் இன்றும் கரைநெடுக நிற்கின்றன. சுல்லி என்னும் ஊர் முதல் ஷலோன் என்னும் ஊர் வரையில், ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பள்ளத்தாக்கினை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. தனியொரு மாளிகைக்கன்றி, ஆறும் ஊரும் வயலும் கொடித்தோட்டமும் மாளிகையும் கூடிய நிலம் முழுமைக்கும் அச்சிறப்பு வழங்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

இம்மாளிகைகளுள் மிகப் பெரியது ஷாம்போர். முதலாம் பிரான்சுவா மன்னர் 1519ஆம் ஆண்டில் இதனைக் கட்டத் தொடங்கினார். நானூறுக்கு மேற்பட்ட அறைகள், இருநூற்றெண்பதுக்கு மேற்பட்ட கணப்படுப்புகள், காட்டினை வளைத்து நிற்கும் 32 கிலோமீட்டர் நீள மதில் என இதன் பெருமையைக் கூறுவர். நடுவில் நிற்கும் இரட்டைச் சுருட்படிக்கட்டோ கண்டாரை வியக்கச் செய்வது. ஒரே தூணைச் சுற்றி இரண்டு படிவரிசைகள் பின்னிப் பிணைந்து ஏறுகின்றன. ஒன்றில் ஏறுபவரும் மற்றொன்றில் இறங்குபவரும் ஒருவரையொருவர் சாளரத்தின் வழியே காணலாம், ஆயினும் எதிர்ப்படார். இத்துணைப் பெருமனையை எடுத்த மன்னர், தம் 32 ஆண்டு ஆட்சியில் இங்குத் தங்கியது சில வாரங்களே. மாளிகையை வகுத்த சிற்பி இன்னார் என்று உறுதி கூறும் சான்று கிடைத்திலது. மன்னர் பெயர் நின்றது. வகுத்தவர் பெயர் மறைந்தது. கல் சுமந்தவர் பெயரோ எழுதப்படவே இல்லை.

"குடிகளின் வரிப்பொருளைக் கொண்டு எழுப்பிய வீண் ஆடம்பரந்தானே இது? இதனைப் போய்க் காண்பதால் என்ன பயன்?" என்று சிலர் கேட்பர். நேரிய வினா இது. விடையிறுக்காமல் விடுதல் தகாது. மன்னரின் செருக்கை வணங்குதற்காக ஒருவர் அங்குச் செல்வராயின் செல்லாமையே நன்று. ஆனால் அக்கற்களை அடுக்கியவை மன்னரின் கைகள் அல்ல. அவை தொழிலாளர் கைகள். மாளிகையை வெறுத்து ஒதுக்குவோர், அதனைக் கட்டிய கைகளையும் உடன் மறந்துவிடுகின்றனர்.

அக்கைகளைக் காணுதற்கு அவ்வாற்றங்கரையிலேயே வழி உண்டு. அப்பக்கத்து மாளிகைகள் பலவும் ஒரு வகை மென்மையான வெண்சுண்ணக் கல்லால் ஆனவை. அக்கல் கரையோரக் குன்றுகளைக் குடைந்து எடுக்கப்பட்டது. குடைந்த குகைகள் இன்றும் உள்ளன. சிலவற்றில் மக்கள் வீடமைத்து வாழ்ந்தனர். சிலவற்றில் காளான் வளர்க்கின்றனர். சோமூர் என்னும் ஊரின் அருகே அத்தகைய குகையில் காளானைப் பற்றிய ஒரு காட்சிச் சாலையே உள்ளது. மேலே மாளிகை எழுந்தபோதெல்லாம் குன்றினுள் ஒரு வெற்றிடம் பெருகிற்று என்பதை அங்கு நிற்பவர் உணர்வர்.

தூர் என்னும் நகரில் தொழிற்சங்கத்தாரின் பொருட்காட்சிச் சாலை ஒன்று 1968ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. பிரான்சில் தச்சர், கல்தச்சர், கொல்லர், கூரை வேய்வோர், செருப்புத் தைப்போர் முதலிய தொழிலாளர்க்குப் பழமையான சங்கங்கள் உண்டு. தொழில் பயிலும் இளைஞர் ஊர் ஊராகச் சென்று, பல ஆசிரியரிடம் பணிசெய்து கற்பர். முடிவில், தம் திறமையெல்லாம் விளங்குமாறு ஒரு பொருளைச் செய்து காட்டுவர். அங்ஙனம் செய்த சிறு படிக்கட்டுகள், பூட்டுகள், கூரைகள் முதலியன அங்குக் காக்கப்படுகின்றன. சருக்கரையால் சமைத்த சிற்பங்களும் உள. ஷாம்போர்ப் படிக்கட்டைக் கண்டு, தூர் நகரத்துச் சிறு படிக்கட்டுகளைக் காணாது திரும்புபவர், காட்சியின் பாதியையே கண்டவராவர்.

ஆற்றின் வாணிகத்தை அறிய விரும்புவோர்க்கு லுவார்க் கரையில் உள்ள ஷாத்தோநெவ் என்னும் ஊரில் படகோட்டிகளின் பொருட்காட்சிச் சாலை உள்ளது. கல்லும் மதுவும் உப்பும் ஏற்றிய தட்டைப் படகுகள், காற்றைப் பாயில் ஏற்று ஆற்றை எதிர்த்துச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டி வந்தபின் அவ்வாணிகம் அழிந்தது. படகோட்டியர் வாழ்வும் அதனுடன் மாறிற்று. அவர்தம் கருவிகளே எஞ்சின. அவற்றை எடுத்து வைத்தவர் இலரேல், அவ்வாழ்வு இருந்த சுவடும் நமக்குக் கிடைத்திராது.

இனி, ஒரு பொருள் தான் இருக்கும் இடத்திற்கு வந்த வழியையும் ஆராய்தல் வேண்டும். லியோனார்டோ தா வின்சி என்னும் இத்தாலிய அறிஞர் 1516ஆம் ஆண்டில், தம் 64ஆம் வயதில், பிரான்சுவா மன்னரின் அழைப்பை ஏற்று லுவார்க் கரைக்கு வந்தார். அம்புவாஸ் நகரில் குளோ லூசே என்னும் மனையில் தங்கினார். 1519ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அங்கேயே காலமானார். உலகம் போற்றும் மோனா லிசா ஓவியத்தை அவரே தம்முடன் கொண்டுவந்தார் என்பர். அவ்வோவியம் இன்று பாரிசு நகர லூவர் காட்சிச் சாலையில் உள்ளது. அவர் வரைந்த பொறிகளின் படங்களைக் கொண்டு செய்த உருவங்கள் குளோ லூசே மனையில் வைக்கப்பட்டுள்ளன. விருந்தினராக வந்தவரின் செல்வம் இது.

தூர் நகரத்து நுண்கலைச் சாலையிலோ மாந்தேஞா என்னும் இத்தாலிய ஓவியர் தீட்டிய இரண்டு சிறு படங்கள் உள்ளன. அவை வெரோனா நகரத்துக் கோயில் ஒன்றின் பீடத்திற்காக எழுதப்பட்டவை. 1797ஆம் ஆண்டில் நெப்போலியன் படையினர் அவ்வோவியத் தொகுதியைக் கவர்ந்து பிரான்சுக்குக் கொண்டுவந்தனர். நெப்போலியன் வீழ்ந்தபின் பெரிய படங்கள் வெரோனாவிற்குத் திரும்பின. அடிப்பகுதிச் சிறு படங்கள் மூன்றும் பிரான்சிலேயே நின்றுவிட்டன. அவற்றுள் இரண்டு தூரில் உள்ளன. இரண்டு நகரங்களிலும் இத்தாலிய அறிஞர் கைவண்ணமே விளங்குகின்றது. ஆயினும் வந்த வழி வேறு வேறு. ஒரு பொருள் வந்த வழியை மறையாது எழுதி வைத்தல் குறைந்த அளவு நேர்மை. உரியவரிடம் திருப்பித் தருதல் நிறைந்த நேர்மை. இவ்விரண்டனுள் முன்னதேனும் இல்லாத காட்சிச் சாலை, எத்துணை அழகுடையதாயினும் மதிக்கத்தக்கது அன்று.

காத்தவர் வரலாற்றிற்கு வருவோம். ஆஞ்சே நகரத்துக் கோட்டையில் ஓவியத் திரைச்சீலை ஒன்று உள்ளது. 1375ஆம் ஆண்டை ஒட்டி ஆஞ்சு நாட்டுக் கோமகன் முதலாம் லூயி அதனை நெய்வித்தார். கிறித்தவ மறையின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டின் காட்சிகள் அதில் நூலால் தீட்டப்பட்டுள்ளன. முதலில் அது ஏறத்தாழ 140 மீட்டர் நீளம் இருந்தது. பின்னர் அது நகரத் தலைமைக் கோயிலின் உடைமையாயிற்று. 1789இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சியின்பின் அத்திரைக்கு நேர்ந்த இழிவு சொல்லுந்தரத்தது அன்று. அது துண்டு துண்டாக வெட்டப்பட்டது. பனிக்காலத்தில் நாரங்க மரங்களை மூடவும், தொழுவங்களில் விரிக்கவும் அது பயன்பட்டது. உடைமைக்குரியோர்க்கே அதன் அருமை விளங்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ழுபேர் என்னும் கோயிற் பணியாளர் ஒருவர் அத்துண்டுகளைத் தேடித் திரட்டினார், தைத்துச் செப்பனிடுவித்தார். அவருடைய பொறுமையால் ஏறத்தாழ 100 மீட்டர் அளவு இன்று நமக்குக் கிடைத்துள்ளது. ஒளி பட்டால் சாயம் வெளிறும் ஆதலால், அது தொங்கும் நெடுங்கூடத்தில் விளக்கொளி மங்கலாகவே வைக்கப்பட்டுள்ளது. இருட்டாயிருக்கிறதே என்று குறைகூறும் பார்வையாளர், தமக்குப் பின் வருவோரும் அதனைக் காண வேண்டும் என்பதை எண்ணாதவராவர்.

காக்கப்பட்ட பொருள் புதிய பொருளையும் பிறப்பிக்கும். லூர்சா என்னும் ஓவியர் அப்பழந்திரையைக் கண்டு உளம் நெகிழ்ந்தார். அணுகுண்டின் அழிவையும் மக்கள் வாழ்வின் நம்பிக்கையையும் பொருளாகக் கொண்டு, "உலகப் பாட்டு" எனப் பொருள்படும் திரைத் தொகுதியை 1957ஆம் ஆண்டு முதல் 1966ஆம் ஆண்டில் தாம் இறக்கும் வரையில் வரைந்தார். அதன் பத்துத் திரைகளும் அந்நகரிலேயே, 12ஆம் நூற்றாண்டில் நிறுவிய பழைய மருத்துவமனைக் கூடத்தில் தொங்குகின்றன. ழுபேர் அத்துண்டுகளைத் திரட்டாதிருந்தால் லூர்சா எதனைக் கண்டிருப்பார்?

புரட்சிக் காலத்தில் மக்கள் கொண்ட சினம் காரணமற்றதன்று. பசியால் வாடினவர்க்கு மன்னர் உருவமே பகையாகத் தோன்றியது. புளுவா நகரத்து மாளிகை வாயிலின் மேல் இருந்த பன்னிரண்டாம் லூயி மன்னரின் குதிரைச் சிலையை 1792ஆம் ஆண்டில் உடைத்தனர். இன்று அங்கு நிற்பது 1857ஆம் ஆண்டில் புதிதாகச் செய்தது. அதே புளுவாவைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்திற்கு ஆயராக இருந்தவர் கிரெகுவார். அவரும் புரட்சியைச் சார்ந்தவரே. முடியாட்சியை ஒழிக்க முன்னின்றவரே. ஆயினும் 1794ஆம் ஆண்டில் அவர் தேசியப் பேரவையில் எழுந்து, கலைச்செல்வங்களை அழிப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். அவ்வழிவுச் செயலைக் குறிக்க ஒரு சொல்லையும் படைத்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்றும் வழங்கும் "வாண்டலிசம்" என்னும் சொல் அதுவே. அச்செயலைக் கொல்லுதற்கே அச்சொல்லைப் படைத்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

மன்னர் போனபின் அவர்தம் பொருள்கள் மக்களுடையவை. மக்கள் தம் பொருளைத் தாமே அழித்தல் பேதைமை என்பது அவர் கருத்தின் சாரம். மாளிகை ஏன் காண வேண்டும் என்று கேட்டார்க்கு இதனினும் தக்க விடை இல்லை. கருப்பின மக்களை அடிமைகொள்ளும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள்ளும் அவர் ஒருவர். கல்லைக் காக்க வேண்டும் என்றவரே மனிதனை விடுவிக்க வேண்டும் என்றும் கூறினார். வட்டார மொழிகளை ஒழித்து ஒரே மொழியைப் பரப்ப வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அக்கருத்து எனக்கு உடன்பாடு அன்று. சிலையைக் காக்க வேண்டுமெனின், மக்கள் நாவில் வாழும் மொழியைக் காத்தல் அதனினும் இன்றியமையாதது அன்றோ? பெரியோர் கூற்றாயினும் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதலே கற்றோர் கடன்.

போர்க்காலத்திலும் இம்மாளிகைகள் காவற்பணி புரிந்தன. 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூளவிருந்தபோது, லூவர் சாலையின் ஓவியங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஷாம்போர் மாளிகைக்கு அனுப்பப்பட்டன. மோனா லிசாவும் அவற்றுள் ஒன்று. மன்னர் வேட்டைக்கென எடுத்த மனை, நாட்டின் கலைக் கருவூலமாயிற்று. ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல் நிற்கும் ஷெனோன்சோ மாளிகையின் நெடுங்கூடம், முதல் உலகப் போரின்போது புண்பட்ட வீரர்க்கு மருத்துவமனையாக விளங்கிற்று. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மருத்துவம் பெற்றனர். இரண்டாம் போரில் 1940ஆம் ஆண்டு முதல் 1942ஆம் ஆண்டு வரையில் அவ்வாறே பகைவர் பிடியிலிருந்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லையாயிற்று. அப்போது அக்கூடத்தின் ஒரு முனையில் புகுந்து மறு முனையில் உயிர் தப்பியோர் உளர்.

பெருமைகளை மட்டும் கூறி நிறுத்தின் என் கருத்து முற்றுப்பெறாது. துன்புற்றோர் யார் என்னும் வினாவிற்கு விடை சில இடங்களில் கசப்பாக இருக்கும். அம்புவாஸ் கோட்டையில் அல்ஜீரிய நாட்டுத் தலைவர் அப்துல் காதிர் 1848ஆம் ஆண்டு முதல் 1852ஆம் ஆண்டு வரையில் சிறைவைக்கப்பட்டார். கிழக்கு நாடொன்றிற்கு அனுப்புவதாகக் கொடுத்த வாக்கை நம்பிச் சரணடைந்தவர் அவர், அவ்வாக்குக் காக்கப்படவில்லை. அவருடன் வந்தோருள் 25 பேர் அங்கேயே இறந்தனர். அவர்களுக்கு இன்று கோட்டைத் தோட்டத்தில் நினைவுக் கற்கள் உண்டு. மன்னர் அறையைக் காணும் கண்கள் அக்கற்களையும் காணுதல் வேண்டும்.

லுவார் கடலை நெருங்கும் இடத்தில் உள்ளது நாந்து நகரம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அடிமை வாணிகத்திற்கு அதுவே தலைமைத் துறைமுகம். அங்கிருந்து கப்பல்கள் துணி முதலிய சரக்குகளுடன் ஆப்பிரிக்காவிற்குச் சென்றன. சரக்கைக் கொடுத்து மக்களை வாங்கின. அவர்களை அமெரிக்கத் தீவுகளில் விற்றுச் சருக்கரையுடன் மீண்டன. மாணவர்காள்! அத்துணிகளுள் இந்தியப் பருத்தித் துணிகளும் இருந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து பிரெஞ்சு வாணிகக் குழுவின் கப்பல்களில் சென்ற துணிகளும் அவ்வாணிகத்திற் புழங்கின. நெய்தவனும் சாயம் தோய்த்தவனும் தம் துணி எங்குச் செல்கிறது என அறியார். அவர்கள் மேல் பழி இல்லை. ஆயினும் அழகிய ஒரு துணி ஒரு மனிதனின் விலையாகவும் இருந்திருக்கலாம் என்பதை அறிந்தபின், அத்துணியை நாம் பழைய கண்ணால் பார்த்தல் இயலாது.

நாந்து நகரத்தார் இவ்வரலாற்றை மறைக்கவில்லை. தம் கோட்டையில் உள்ள வரலாற்றுச் சாலையில் அதனை விரிவாகக் காட்டியுள்ளனர். 2012ஆம் ஆண்டில் ஆற்றங்கரையில் அடிமை ஒழிப்பு நினைவிடம் ஒன்றையும் அமைத்தனர். அங்கு நடைபாதையில் ஏறத்தாழ 2,000 கண்ணாடித் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் அடிமை வாணிகத்திற்குச் சென்ற கப்பல்களின் பெயர்கள் உள்ளன. தம் முன்னோர் செய்த பிழையைத் தம் ஊர் நடுவில் எழுதி வைத்த நகரம், தன் பெருமையைக் குறைத்துக்கொள்ளவில்லை. மாளிகைகள் பலவற்றைக் காட்டிலும் அக்கண்ணாடித் தகடுகளையே நான் உயர்வாக மதிக்கின்றேன்.

ஆகவே காட்சிச் சாலைக்குச் செல்வோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் கண்டுவிட விரையாதீர்கள். பத்துப் பொருள்களை நின்று காண்பது, நூறு பொருள்களைக் கடந்து செல்வதினும் மேலானது. பொருளின் அருகே எழுதியுள்ள குறிப்பைப் படியுங்கள்; குறிப்பில் விடுபட்டது எது என்பதையும் எண்ணுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதற்கு முன் கண்ணாரக் காணுங்கள். தொடக்கூடாது என்றதைத் தொடாதீர்கள். ஒருவர் விரல் பட்டதால் தேயாத கல்லும் பல்லாயிரவர் விரல் பட்டால் தேயும். வீடு திரும்பியதும் கண்டவற்றுள் ஒன்றைப் பற்றியேனும் எழுதி வையுங்கள்.

ஆக்கியோர் காலம் முடிந்துவிட்டது. துய்த்தோரும் துன்புற்றோரும் மறைந்துவிட்டனர். காப்போர் யார் என்னும் வினா மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக எழுகின்றது. ஆஞ்சே நகரத்துத் திரையை வெட்டியவர்களும் மக்களே. அதனை மீண்டும் தைத்தவரும் மக்களுள் ஒருவரே. எவ்வூரில் எப்பழம்பொருளின்முன் நின்றாலும், இவ்விருவருள் நாம் யாராக இருக்கப் போகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பது நம் கடனாகும்.